நெஞ்சுக்குள் வைத்த கம்பி வலை



இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் கொழுப்பால் அடைபட்டால், வைத்தியர்கள் அதை விரித்து உள்ளே ஒரு சின்னக் கம்பி வலையை வைப்பார்கள். இதுதான் ஸ்டென்ட். மனிதருக்கு முதன்முதலில் 1986இல் வைத்தார்கள்.

ஆரம்பத்தில் துருப்பிடிக்காத உருக்கில் செய்தார்கள். வெறும் உருக்கு வலை வைத்த 100 பேரில் 20, 30 பேருக்கு உள்ளே தசை வளர்ந்து குழாய் மறுபடி ஒடுங்கியது. பின்னர் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம் வந்தது. அது உறுதி கூடியது. அதனால் கம்பியைத் தலைமயிர் அளவுக்கு மெலிசாக்கலாம். மெலிந்த கம்பி குழாயை அவ்வளவாகப் புண்ணாக்காது. தசை வளராமலிருக்க மேலே மருந்தும் பூசுகிறார்கள். இப்போது மறுபடி ஒடுங்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனால் எந்த உலோகமானாலும் உடம்புக்கு அது புதுப் பொருள்தான். அதன்மேல் தோல்போல மூடும்வரை இரத்தம் கட்டிபடப் பார்க்கும். கட்டிபட்டால் திடீர் மாரடைப்பு, உயிரும் போகலாம். அதைத் தடுக்கத்தான் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் தருகிறார்கள். "இப்ப நெஞ்சு நோகல்ல, மலைக்கும் போறேன், இனி மாத்திரை எதுக்கு?" என்று விட்டுவிடாதீர்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும் கிளினிக் கார்டைக் காட்டுங்கள். இருதய வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.