'டுமீல்' என்று தொடங்கிய தமிழ்

என் தாயார் கோவில்பட்டியில் இருக்கிறார்கள். வயது 78. சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்குக் காது அறவே கேளாமல் போய்விட்டது. கருவி வைத்துப் பார்த்தும் பயனில்லை. தொலைபேசிப் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் கண் நன்றாகத் தெரியும். காலையில் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்தால்தான் அவர்களுக்குக் காபி இறங்கும். ஆகவே பேத்திக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள்.

சங்கடம் இங்கேதான். மும்பையில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு அப்போது வயது 10. வீட்டில் தமிழ் சரளமாகப் பேசுவாள். பள்ளியில் படிப்பதோ ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும். ஆச்சியின் கடிதத்தை நான் வாசித்துக் காட்ட வேண்டும். அவள் சொல்லச் சொல்லப் பதிலையும் நான்தான் எழுத வேண்டும். தகப்பன் நடுவில் உட்கார்ந்திருக்க, ஆச்சியிடம் பேத்தி மனம்விட்டு என்ன பேச முடியும்? நாளடைவில், "நல்லா இருக்கேன்னு எழுதிருங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போக ஆரம்பித்தாள்.

அரிச்சுவடி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் எழுத்துகள் பிடிபட்டன. ஆனால் அதற்கு மேல் வண்டி நகரவில்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பெண்ணை உட்கார வைத்து 'அணில், ஆடு' என்று படிக்கச் சொன்னால் அவளுக்கு வெட்கமாக இருக்காதா?

அப்போதுதான் பரணில் இருந்த என் பழைய காமிக்ஸ் பெட்டி நினைவுக்கு வந்தது. நம்மில் நாற்பதைத் தாண்டிய பலர் சிவகாசி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள்தாமே! 1972-ல் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே இரும்புக்கை மாயாவிதான். விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்து, அந்தக் கை மட்டும் தெரியும். 1962-ல் இங்கிலாந்தில் பிறந்த கதை. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. நாங்களோ மாயாவியை விருதுநகர்ப் பக்கத்து ஆள் என்றே நினைத்திருந்தோம்.

பெட்டியைத் திறந்து, பெருமையோடு மாயாவியைத்தான் முதலில் நீட்டினேன். நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "கறுப்பு வெள்ளையா இருக்குப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் முகம் வாடியதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். நமக்குப் பத்து வயதில் பிடித்தது பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய பேராசை!

காரியம் நடந்தது லக்கி லூக்கால்தான். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946-ல் படைத்த கௌபாய் இவன். 1955 முதல் பல கதைகளை எழுதியவர், ஆஸ்டெரிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கோசினி. தன் நிழலை விட வேகமாகச் சுடுவான் லக்கி லூக். அவனுடைய குதிரை ஜாலி ஜம்பர் எஜமானைக் கிண்டல் செய்து கொண்டே இருக்கும். டால்டன் சகோதரர்கள் நால்வரும் படியில் நிற்பது போல உயர வரிசையில் இருப்பார்கள். எல்லோரிலும் குள்ளனுக்குக் கோபம் அதிகம்; நெட்டையனுக்கோ சதா சாப்பாட்டு நினைப்பு. 1984-ல் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ்தான் இவர்களைத் தமிழ் பேச வைத்தது. 2012-க்குப் பின் இவை நல்ல தாளில் பல வண்ணத்தில் வருகின்றன. வசனமும் நம் வீட்டுப் பேச்சை ஒட்டியே இருப்பதால், தமிழ் பேச மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை.

என் மகள் தானாக வாசித்த முதல் தமிழ்ச் சொல் 'டுமீல்'. பட்டை பட்டையாய்ப் பெரிய எழுத்தில் இருந்தது; துப்பாக்கியும் புகையும் பக்கத்திலேயே இருந்தன. அடுத்தது 'படார்'. இந்தி படித்த பிள்ளைக்குத் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே 'ட' எங்கே அழுத்தமாக ஒலிக்கும், எங்கே மென்மையாக ஒலிக்கும் என்று தடுமாறுவாள். படத்தில் ஆளைப் பார்த்ததும் அந்தத் தடுமாற்றம் போய்விடும். ஒரு புத்தகத்தை முடிக்க மூன்று வாரம் பிடித்தது. இரண்டாவதற்கு ஐந்தே நாள்.

இன்னும் சிறிய பிள்ளைகள் இருந்தால் லக்கி லூக்கும் வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் படக்கதைகள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள், கைப்பேசியிலேயே படிக்கலாம். புராணக் கதை கேட்கும் பிள்ளைகளுக்கு அமர் சித்ர கதா இருக்கவே இருக்கிறது. சுப்பாண்டியையும் சொல்ல வேண்டும். நம் மும்பையிலிருந்து வெளிவந்த டிங்கிள் இதழுக்குத் திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய கதைகளிலிருந்து பிறந்த அசடு அவன். அவன் தமிழன் என்பதே இங்கே பல பிள்ளைகளுக்குத் தெரியாது!

பன்னிரண்டு வயதுக்கு மேல் டெக்ஸ் வில்லர். 1948-ல் இத்தாலியில் தோன்றிய இந்த வீரன், செவ்விந்தியரான நவஜோ மக்களின் தலைவனும் ஆவான். கதைகள் நீளம், தோட்டாக்களும் அதிகம். பெரியவர்களுக்கு, அதாவது பிள்ளைகள் தூங்கிய பிறகு படிக்க, 'இரத்தப் படலம்'. நினைவை இழந்து கரையொதுங்கிய ஒருவன், உடம்பில் பச்சை குத்திய பதின்மூன்று என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தான் யார் என்று தேடும் கதை. பெல்ஜியர்களான வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் 1984-ல் தொடங்கியது. எடுத்தால் வைக்க முடியாது. மறுநாள் அலுவலகத்தில் கொட்டாவி விட வேண்டியதுதான்.

சென்னை புத்தகக் காட்சிக்குப் போகிறவர்களிடம் சொல்லிவைத்தால் வாங்கி வருவார்கள். சிவகாசிக்குச் சந்தா கட்டினால் வீட்டுக்கே வரும். விலை கொஞ்சம் அதிகம்தான். நாலு குடும்பம் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விட்டால் பாரம் தெரியாது.

சென்ற வருடம் விடுமுறை முடிந்து திரும்பும்போது, லக்கி லூக் புத்தகம் ஒன்றை ஆச்சியிடம் விட்டுவிட்டு வந்தாள் என் மகள். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவளே உறையைப் பிரித்தாள். ஜன்னலோரம் நின்று, உதடு அசைய, தடுக்கித் தடுக்கிப் படித்தாள். நான் செய்தித்தாளில் முகத்தை மறைத்துக்கொண்டு காத்திருந்தேன். பாதியில் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா?" என்றேன்.

"அந்த நெட்டையன் அப்படியே உங்க தாத்தா மாதிரியாம்ப்பா! கல்யாண வீட்டுக்குப் போனா பந்தியைத்தான் முதல்ல தேடுவாராம். அடுத்த புத்தகம் எப்போ அனுப்புவேன்னு கேட்டிருக்காங்க."

மீதிக் கடிதத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

புத்தகங்களைப் பார்க்க விரும்பும் அன்பர்கள் ஞாயிறு மாலை வீட்டுக்கு வரலாம். எதை வேண்டுமானாலும் இரவல் எடுத்துச் செல்லுங்கள். இரும்புக்கை மாயாவியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.