நாய்க்கு வைத்த பெயர்

எகிப்தின் தீப்ஸ் நகரத்தில் அரசர்களின் கல்லறைகளைத் திருடர்கள் உடைக்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. ஒன்பதாம் ராம்சேஸ் ஆட்சியின் 16-ஆம் ஆண்டு அது. இன்றைக்குச் சுமார் 3,100 ஆண்டுகளுக்கு முன். அதிகாரிகள் குழு ஒன்று கல்லறை கல்லறையாகப் போய்ப் பார்த்து, எது உடைந்திருக்கிறது, எது பத்திரமாக இருக்கிறது என்று பாப்பிரஸ் சுருளில் எழுதியது. அபட் பாப்பிரஸ் எனப்படும் அந்தச் சுருள் இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் இன்டெஃப் மன்னனின் கல்லறைக்கு வந்ததும் எழுத்தர் ஒரு விவரம் சேர்த்தார்: கல்லறைக்கு முன் ஒரு கற்பலகை நிற்கிறது, அதில் அரசனின் உருவம், அவன் கால்களுக்கு நடுவே பெஹ்கா என்னும் நாய். கல்லறை பத்திரம்.

திருட்டு விசாரணைக்கு அந்த நாயின் பெயர் எதற்கு? மன்னன் இறந்து அப்போதே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகியிருந்தது. அடையாளத்துக்காக என்றால், காலடியில் ஒரு நாய் என்று மட்டும் குறித்துவிட்டுப் போயிருக்கலாம். எழுத்தர் பெயரைப் படித்துப் பார்த்துப் பெயரோடு எழுதினார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கிறது.

அந்தக் கற்பலகையின் கீழ்ப்பகுதியை 1860-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ஒகுஸ்த் மரியேட் கண்டெடுத்தார். அதில் பெஹ்காவுக்குத் துணையாக வேறு நாய்களும் இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் பெயர் வெட்டியிருந்தது. வியப்பு என்னவென்றால், அவை எகிப்திய மொழிப் பெயர்களே அல்ல. அதனால் சிற்பி சில பெயர்களுக்குப் பக்கத்தில் எகிப்திய மொழியில் பொருளும் எழுதிவிட்டார். பெஹ்கா என்றால் பாலைவன மான். பெஹ்தெஸ் என்றால் கருப்பு. அபகெர் என்ற இன்னொரு பெயரை, சஹாராவின் துவாரெக் மக்கள் வேட்டை நாயைக் குறிக்கச் சொல்லும் ‘அபைக்கூர்’ என்ற சொல்லோடு மொழியியலாளர்கள் ஒப்பிட்டார்கள். எகிப்துக்கு மேற்கே வட ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியிருக்கும் பெர்பர் மொழிக் குடும்பத்துக்கு எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இந்த நாய்ப் பெயர்களும் அடங்கும். அந்த மக்களின் அரசர்கள் யார், பாடல்கள் என்ன என்று 4,100 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி நமக்கு எதுவும் வரவில்லை. அவர்கள் நாயை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது மட்டும் வந்திருக்கிறது. நாய் எல்லை தாண்டி வந்தபோது பெயரும் கூடவே வந்திருக்கிறது. அரசனே ஆனாலும், அது திரும்பிப் பார்க்கும் பெயரைச் சொல்லித்தானே அவன் அதைக் கூப்பிட வேண்டும்?

எகிப்தியர்கள் நாய்க்குத் தாராளமாகப் பெயர் வைத்தவர்கள். கல்லறைச் சுவர்களிலும் கழுத்துப்பட்டைகளிலும் எழுபதுக்கு மேற்பட்ட பெயர்கள் கிடைத்திருக்கின்றன. வீரன், நம்பகமானவன், நல்ல மேய்ப்பன், வாடைக்காற்று, ஐந்தாமவன். ‘உதவாக்கரை’ என்று பொருள்படும் பெயரும் ஒன்று உண்டு. அந்த நாய்க்கும் கல்லறையில் இடம் கிடைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1935-ல் கீசாவில் ஜார்ஜ் ரைஸ்னர் தலைமையிலான குழு எடுத்த ஒரு கல்வெட்டு, அபுத்தியு என்ற காவல் நாயின் அடக்கத்தைப் பற்றியது. அரசனே அதற்குக் கருவூலத்திலிருந்து சவப்பெட்டியும் மெல்லிய துணியும் நறுமணப் பொருள்களும் கொடுத்து, கல்லறை கட்டவும் ஆணையிட்டான். அந்தப் பெயரின் ஒரு பகுதி குரைப்பொலியைக் கேட்டு உண்டாக்கியது என்று கருதுகிறார்கள். அப்படியானால் அந்த நாய்க்கு அதன் குரலையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து எழுதியவர்கள் கிரேக்கர்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் செனபோன் வேட்டையைப் பற்றி எழுதிய நூலில் 47 நாய்ப் பெயர்களை வரிசையாகத் தருகிறார். ப்சூகே என்றால் உயிர். லோங்கே, ஈட்டி. ஃபிலாக்ஸ், காவலன். காரா, மகிழ்ச்சி. க்ராவ்கே, கூச்சல். ஹூப்ரிஸ், செருக்கு. அக்திஸ், கதிர். 47-உம் இரண்டே அசைகளில் முடிபவை. எளிதாகக் கூப்பிட வேண்டுமென்றால் பெயர் குறுகியதாக இருக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். நான்கு நூற்றாண்டு கழித்து ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லாவும் இதையே வற்புறுத்துகிறார்: நீளமாக இருந்தால் நாய் சட்டென்று கேட்டு வராது, ஆனால் இரண்டு அசைக்குக் குறையவும் கூடாது. அவர் பெட்டை நாய்களுக்குச் சொல்லும் லத்தீன் பெயர்களில் ஒன்று தீக்ரிஸ், அதாவது புலி. நம் தெருக்களில் திரியும் டைகர்களுக்கு ரோமாபுரியில் இரண்டாயிரம் வயதான ஒரு முன்னோடி உண்டு.

இந்தப் பழைய அனுபவ அறிவை அண்மையில்தான் ஆய்வுக்கூடங்கள் சோதிக்கத் தொடங்கின. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் அம்ரிதா மல்லிகார்ஜுன், எமிலி ஷ்ரோட்ஸ், ரோஷெல் நியூமன் மூவரும் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயை அதன் உரிமையாளரோடு ஓர் அறையில் உட்காரவைத்து, பக்கத்திலிருந்த ஒலிபெருக்கிகளில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரலில் பெயர்களைக் கேட்கவைத்தார்கள். சில சமயம் அதன் சொந்தப் பெயர், சில சமயம் அதே தாளத்தில் அமைந்த வேறொரு நாயின் பெயர். பின்னணியில் பல பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல். இரைச்சலும் பெயரும் ஒரே அளவு ஒலித்தபோதுகூட நாய்கள் தம் பெயர் வந்த பக்கம் அதிக நேரம் கவனம் வைத்தன. இரைச்சல் பெயரை மிஞ்சியபோதுதான் தவறவிட்டன. இதே மாதிரிச் சோதனையில் ஒரு வயதுக் குழந்தைகளுக்குப் பெயர் இரைச்சலைவிட உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டுச் சந்தடியில் யாரோ நம் பெயரைச் சொன்னால் நமக்குச் சட்டென்று காதில் விழுகிறதே, அது நாய்க்கும் நடக்கிறது.

ஆனால் நாயின் காது எவ்வளவு நுணுக்கமாகக் கேட்டாலும், கவனம் வேறு மாதிரி வேலை செய்கிறது. 2020-ல் புடாபெஸ்டின் ஓட்வொஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் லில்லா மக்யாரி, அத்திலா அந்திச் குழுவினர் வீட்டு நாய்களின் தலையில் மின்வாய்களை ஒட்டி, மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். நாய் அறிந்த கட்டளைச் சொல்லுக்கும், அதோடு சம்பந்தமே இல்லாத பொருளற்ற ஒலிக்கும் மூளை வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டியது. ஆனால் தெரிந்த சொல்லில் ஓர் ஒலியை மட்டும் மாற்றிச் சொன்னபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. சொல்லின் மொத்த வடிவத்தை நாய் பிடித்துக்கொள்கிறது, ஓர் எழுத்து மாறினால் பொருட்படுத்துவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாய் வைத்திருப்பவர்கள் ஒன்றை ராமு, மற்றதை ராஜு என்று அழைத்தால் இரண்டும் ஓடி வரக்கூடும். பெயரைச் சொல்லும் விதமும் முக்கியம். விலங்கு நடத்தை ஆய்வாளர் பட்ரீசியா மக்கோனல் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், குறுகிய ஒலிகளை அடுத்தடுத்து எழுப்பினால் நாய்க்குட்டிகள் துடிப்பாக நடமாடுவதையும், ஒரே நீண்ட, தாழ்ந்துபோகும் ஒலிக்கு அந்த விளைவு குறைவாக இருப்பதையும் காட்டினார். நம்மூரில் ‘மணி மணி மணி’ என்று அடுக்கி அழைப்பவர்கள் செய்வது சரியான காரியம்.

அப்படியென்றால் நீண்ட பெயர் யாருக்கு? அசீரியப் பேரரசின் தலைநகர் நினிவேயில், அசுர்பானிபால் மன்னனின் அரண்மனை வாயிலருகே புதைத்திருந்த ஐந்து சிறிய களிமண் நாய்கள் கிடைத்தன. கி.மு. 645-ஐ ஒட்டியவை, கையளவுகூட இல்லாதவை. தீய ஆவிகள் உள்ளே வராமல் தடுப்பது அவற்றின் வேலை. ஒவ்வொன்றின் விலாவிலும் பெயர் கீறியிருக்கிறது: தீமையை விரட்டுபவன், பகைவனைப் பிடிப்பவன், எதிரியைக் கடிப்பவன், உரத்த குரைப்புக்காரன். ஐந்தாவதன் பெயர் ‘யோசிக்காதே, கடி’. இவற்றை யாரும் கூப்பிடப் போவதில்லை, இவை ஓடி வரப்போவதும் இல்லை. அதனால் பெயர் முழு வாக்கியமாக, ஒரு கட்டளையாக நீண்டுவிட்டது. உயிருள்ள நாய்க்கு இரண்டு அசை, மண் நாய்க்கு ஒரு மந்திரம்.

செனபோனின் பட்டியலில் கடைசிப் பெயர் ஹோர்மே, அதாவது பாய்ந்து செல்லும் வேகம். ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பெயர் மறுபடியும் தலைகாட்டுகிறது. அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய ஆரியன், தன்னைச் செனபோனின் வாரிசாகவே நினைத்தவர், தன் வேட்டை நூலின் நடுவே தன் சொந்த நாயைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறார். சாம்பல் நிறக் கண்கள். வீட்டில் இருந்தால் பக்கத்தைவிட்டு அகலாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கிளம்பினால் கூடவே வரும். திரும்பும்போது முன்னால் ஓடி, அவர் வேறு பாதையில் போய்விடவில்லையே என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கும். குட்டியாக இருந்தபோது சாட்டையடி பட்டதால், இன்றும் யாராவது சாட்டை என்று சொன்னாலே பதுங்கி வந்து கெஞ்சும். இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்த நாயின் பெயரை எழுதிவைக்கத் தயங்கமாட்டேன், பின்வரும் காலத்திலும் அது நிற்கட்டும் என்கிறார். பெயர், ஹோர்மே. பழைய உலகத்தில் ஒரு நாயைப் பற்றி இவ்வளவு நெருக்கமான பக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் விரும்பியபடியே, 1,800 ஆண்டு கடந்து நாம் அந்தப் பெயரைப் படிக்கிறோம்.

நம் நாட்டிலும் நாயின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு தனியாகச் சொல்கிறது. ஊரை ஆண்டவன் பெயர், செத்தவன் பெயர், அவற்றோடு நாயின் பெயர். மாடு பிடிக்கும் பூசல்களில் உயிர்விட்ட எத்தனையோ மனிதர்களின் பெயரே தெரியாமல் போயிருக்க, இந்த ஒரு நாயை அந்த ஊரார் மறக்கவில்லை.

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டம் ஆதக்கூரிலும் ஒரு கல் கிடைத்தது. அதன் கதை நம் அரக்கோணம் பக்கத்தில் தொடங்குகிறது. 949-ல் தக்கோலத்தில் நடந்த போரில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் சோழ இளவரசன் இராசாதித்தனை வென்றான். அதில் கங்க அரசன் இரண்டாம் பூதுகன் பக்கம் நின்று போரிட்டவன் மணலேரன். அவனுடைய வீரத்தில் மகிழ்ந்த கிருஷ்ணன், வேண்டியதைக் கேள் என்றான். ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். மணலேரன் அரசனிடமிருந்த காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு அதை ஒரு பெரிய காட்டுப்பன்றி மேல் ஏவியபோது இரண்டும் சண்டையிட்டு ஒருசேர மடிந்தன. அதற்காகத்தான் கோயில் முன் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு அந்தக் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரில் இராசாதித்தன் எப்படி இறந்தான் என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் இந்த நாயின் நினைவுக்கல்லையும் சான்றாகக் காட்டுகிறார்கள்.

ஐரோப்பாவின் இடைக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் வேட்டை நாய்களுக்கென்று 1,065 பெயர்கள் இருக்கின்றன. பூண்டு என்றும் பெயரிலி என்றும்கூட அதில் உண்டு. 1504-ல் சூரிச் நகரத்துக் குறிபார்த்துச் சுடும் விழாவுக்கு வந்த நாய்களின் பட்டியலில், பூட்டுத் தொழிலாளியின் நாய் ‘சின்னச் சுத்தியல்’, வண்டிக்காரரின் நாய் ‘சின்ன ஆரக்கால்’. அதிகம் பேர் வைத்திருந்த பெயர் ‘இளவரசன்’.

விண்வெளிக்கு நாய்களை அனுப்பிய சோவியத் விஞ்ஞானிகள், தெருவில் பிடித்த நாய்களுக்குக் கூப்பிடும் பெயர்களைத்தான் வைத்தார்கள். லைக்கா என்றால் குரைப்பவள். அதற்கு முன் அவளுடைய பெயர் குத்ரியாவ்கா, சுருட்டை முடிக்காரி. 1951 செப்டம்பர் 3-ஆம் தேதி ராக்கெட் கிளம்பத் தயாரானபோது, பயிற்சி பெற்றிருந்த பாபிக் என்ற நாய் ஓடிவிட்டது. பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தெருநாயைப் பிடித்து ஏற்றினார்கள். பயிற்சி எதுவும் கிடையாது. ‘காணாமல்போன பாபிக்குக்கு மாற்று’ என்ற ரஷ்யச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஜிப்’ என்று பெயரிட்டார்கள். கூடப் போன நாயின் பெயர் நெபுத்தோவி, எகிப்தில் கண்ட அதே உதவாக்கரை. சுமார் 100 கிலோமீட்டர் உயரம் தொட்டு இரண்டும் உயிரோடு தரையிறங்கின.

பத்து ஆண்டு கழித்து, மனிதனை அனுப்புவதற்கு முந்தைய கடைசி ஒத்திகைக்கு ஒரு நாயைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பெயர் உதாச்சா, அதிர்ஷ்டம். கிளம்பும் முன் அந்தப் பெயரை மாற்றி ஸ்வியோஸ்தோச்கா, சின்ன நட்சத்திரம் என்று வைத்தவர் அங்கிருந்த விமானப்படை அதிகாரி ஒருவர். 1961 மார்ச் 25-ஆம் தேதி சின்ன நட்சத்திரம் பூமியை ஒருமுறை சுற்றிப் பத்திரமாகத் திரும்பியது. பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 12-ஆம் தேதி, அதே வகைக் கலத்தில் அந்த அதிகாரி ஏறினார். அவர் யூரி ககாரின்.