நிற்கும் குதிரையா? ஆடும் குதிரையா?

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் இந்தக் காலத்தில் குதிரை வாங்குகிறவர்கள் யார் என்று சிரிக்காதீர்கள். நாம் சொல்லும் குதிரை கொள்ளு தின்னாது. வீணையில் தந்திகளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதே, அந்தக் குதிரை! உங்கள் மகனோ மகளோ மின்சார கிதார் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், நிறத்தையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்: அதன் குதிரை நிற்கிறதா, ஆடுகிறதா?

நிற்கும் குதிரை, மரத்தோடு திருகாணியால் இறுக்கப்பட்ட உலோகத் தகடு. அசையாது. அமெரிக்காவில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1950-ல் வெளியிட்ட கிதார் இந்த ரகம். பிற்பாடு அதற்கு டெலிகாஸ்டர் என்று பெயர் வந்தது.

1954-ல் அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. அதன் குதிரையில் ஒரு கைப்பிடிக் கம்பி உண்டு. அதை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒருசேரத் தளர்ந்து ஸ்வரம் இறங்கும். விட்டால் மறுபடி ஏறும். இதற்கு அவர் 'ட்ரெமோலோ' என்று பெயர் வைத்தார். உண்மையில் ட்ரெமோலோ என்பது ஒலி கூடிக் குறைவது. ஸ்வரம் அசைவதற்குப் பெயர் வைப்ராட்டோ. ஆனாலும், வைத்த பெயரே நிலைத்துவிட்டது!

தராசு போல

ஆடும் குதிரையின் ரகசியம் கிதாரின் முதுகில் இருக்கிறது. அங்கே ஒரு குழியில் மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் பூட்டியிருக்கும். முன்பக்கம் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் இழுக்கின்றன; கனத்த தந்தியானால் இன்னும் கூடும். பின்பக்கம் ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கின்றன. இரண்டும் சரிசமமாக இருக்கும்போது குதிரை தராசு முள்ளைப் போல நடுவில் மிதக்கிறது.

தராசில் ஒரு தட்டைத் தொட்டால் மறு தட்டு சும்மா இருக்குமா? ஒரு தந்தியை முறுக்கினால் மற்ற ஐந்தும் சற்றே சுருதி இறங்கும். அவற்றைச் சரிசெய்தால் முதலில் முறுக்கியது கலையும். ஒரு தந்தி அறுந்தாலோ, மீதி ஐந்தின் சுருதியும் ஏறிவிடும். அந்த நிமிஷமே வாசிப்பு நின்றது.

நெசவு வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவில் ஓர் இழை அறுந்தால், முடிச்சுப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறீர்கள். மற்ற இழைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நிற்கும் குதிரையும் அப்படித்தான். அறுந்தது அறுந்ததோடு சரி.

கரிசல் வெயிலில்

வெயில் ஏறினால் உருக்குத் தந்தி நீண்டு சுருதி இறங்கும். காற்று வறண்டால் மரம் சுருங்கும். மழை மாதத்தில் ஈரத்தை உண்டு உப்பும். குண்டாறு மணலாகக் கிடக்கும் கோடையில் இந்தத் தொல்லை எந்த கிதாருக்கும் உண்டு. ஆனால் நிற்கும் குதிரையில், கலைந்த தந்தியை மட்டும் திருத்தினால் போதும். ஆடும் குதிரையில் ஒன்றைத் திருத்த ஆறையும் திருத்த வேண்டும்.

பெரியவர்களுக்கு இது வெறும் அலுப்பு. பத்து வயதுக் குழந்தைக்கோ பெரிய ஆபத்து. தப்பு கிதாரிலா, தன் காதிலா என்று அதற்குத் தெரியாது. "எனக்குச் சங்கீதம் வராது" என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஒரு மூலையில் வைத்துவிடும். வீணாவது பணம் மட்டுமா?

"கம்பி இல்லாவிட்டால் ஸ்வரம் எப்படி அசையும்?" என்பீர்கள். வீணையில் எப்படி அசைகிறது? தந்தியை விரலால் இழுத்துத்தானே! மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) அப்படியொரு கம்பியே இல்லாத மின்சார மாண்டலினில், விரல்களாலேயே கர்நாடக சங்கீதத்தின் கமகங்களைக் கொண்டுவந்தார். கிதாரிலும் விரலால் தந்தியை வளைக்கலாம், வழுக்கலாம்.

ஆடும் குதிரையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜெஃப் பெக் (1944–2023) போன்ற மேதைகள் அந்தக் கம்பியைக் கொண்டே கிதாரைப் பாட வைத்தார்கள். ஆறு தந்திகளும் ஒன்றாகச் சரிந்து எழும் அந்த அலையை விரலால் கொண்டுவர முடியாது. சுருதி சேர்க்கக் கை பழகி, இன்ன ஒலி வேண்டும் என்று பிள்ளையே தெளிவாகச் சொல்லும் நாளில் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

கவலை வேண்டாம். எரிக் கிளாப்டன் தம் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒரு மரக்கட்டையைச் செருகி, குதிரையை ஆடவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார். அந்த வழி உங்களுக்கும் உண்டு. அல்லது, பின்பக்கத் திருகாணிகளை முறுக்கி ஸ்பிரிங்குகளை இறுக்கினால் குதிரை மரத்தின் மேல் படிந்து உட்காரும். பிறகு ஆறு தந்திகளையும் ஒரு முறை புதிதாகச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதுரைக் கடைக்குப் போனால் கிதாரைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் நீண்ட மூடி இருந்தால், உள்ளே ஸ்பிரிங் இருக்கக்கூடும். கைப்பிடிக் கம்பியை நாலைந்து தரம் அழுத்தி விடச் சொல்லி, சுருதி பழைய இடத்துக்கே வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால், பேரம் பேசாமல் நிற்கும் குதிரையைக் காட்டச் சொல்லுங்கள். முதலில் குழந்தையின் விரல் ஓடிப் பழகட்டும். குதிரை பிறகு ஆடிக்கொள்ளும்.