டியூப் எடுக்கும் நேரத்து இருமல்

தைராய்டு ஆபரேஷன் முடிந்து கழுத்தில் கடைசித் தையலும் போட்டாயிற்று. சர்ஜன் கையுறையைக் கழற்றுகிறார். மயக்க மருந்து மருத்துவருக்கோ இப்போதுதான் வேலை சூடுபிடிக்கிறது. நோயாளி விழிக்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் லொக்கு லொக்கென்று நாலு இருமல் போதும். கழுத்து ரத்தநாளங்கள் புடைத்து, முடிச்சுப் போட்ட ஒன்று திறந்துகொள்ளலாம். தேங்கும் ரத்தம் மூச்சுக்குழலை நெருக்கினால் தைத்த கழுத்தை மறுபடி பிரிக்க வேண்டியதுதான். மூளையிலோ கண்ணிலோ ஆபரேஷன் என்றாலும் இதே பயம். இருமும்போது மண்டைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் அழுத்தம் சட்டென்று ஏறும்.

ஒரு பருக்கை தடம் மாறினாலே புரையேறுகிறது. தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்கிறோம். இங்கே போயிருப்பது ஏறக்குறைய சுண்டுவிரல் தடிமனுள்ள பிளாஸ்டிக் டியூப். குரல்நாண்களுக்கு நடுவே புகுந்து மூச்சுக்குழலில் உட்கார்ந்திருக்கிறது. நுனியருகே கஃப் எனப்படும் சின்ன பலூன். அதில் காற்றடைத்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வயிற்றிலிருந்து மேலேறுவது எதுவும் எளிதில் நுரையீரலுக்குள் இறங்காது. 1920களில் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் குடெல் இதை நிரூபிக்கத் தன் நாய்க்கு மயக்கம் கொடுத்து, கஃப் டியூப் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டினார். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. (அதன் பெயரே ‘ஏர்வே’!)

மயக்கம் ஆழமாக இருக்கும்வரை உடம்புக்கு இந்த டியூப் தெரியாது. மருந்து வடியத் தொடங்கியதும் வேகஸ் நரம்பு மூளைக்குச் சேதி அனுப்பும்: உள்ளே என்னவோ இருக்கிறது, தள்ளு.

அந்தச் சேதியை மட்டும் மட்டுப்படுத்த வேண்டும். மூச்சு நிற்கக் கூடாது, விழிப்பும் தள்ளிப்போகக் கூடாது. சிக்கலே இதுதான். பல் பிடுங்கும்போது ஈறு மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் இங்கும் கைகொடுக்கிறது. சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கியது. டியூப் எடுக்கச் சில நிமிடங்களுக்கு முன் நரம்பில் ஏற்றுவார்கள்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 மில்லிகிராம் வரை. மலிவு, எளிது. ஆனால் பலன் கொஞ்ச நேரம்தான். அதற்குள் டியூப் வெளியே வந்தாக வேண்டும்.

எனக்குப் பிடித்த உத்தி வேறு. அதே லிக்னோகெய்னைக் காற்றுக்குப் பதிலாகக் கஃப்புக்குள்ளேயே நிரப்பிவிடுவது. மருந்து பலூன் சுவர் வழியே கசிந்து, பலூன் உரசும் இடத்தையே மரத்துப்போகச் செய்கிறது. ஒரு தடை உண்டு. பாட்டிலில் இருக்கும் லிக்னோகெய்ன் அமிலத்தன்மை உள்ளது. அதன் மூலக்கூறுகள் பெரும்பாலும் மின்னேற்றத்தோடு இருப்பதால் பிளாஸ்டிக்கைத் தாண்டுவதில்லை. அதற்குச் சோடியம் பைகார்பனேட் கொஞ்சம் சேர்க்கிறார்கள். நம் சமையலறை ஆப்பசோடாவேதான், கிருமி நீக்கிய ஊசி மருந்தாக. மின்னேற்றம் இழந்த மூலக்கூறுகள் மெல்லக் கசியத் தொடங்கும். மெல்ல என்பதால் நீண்ட ஆபரேஷனுக்கே இது பொருந்தும். அரைமணி நேர வேலைக்கு இதைச் செய்வதில் பயனில்லை.

ஓபியாய்டு எனப்படும் வலிநிவாரணி வகையில் ஃபென்டனிலும் ரெமிஃபென்டனிலும் மூளையின் இருமல் மையத்தையே அடக்குபவை. ரெமிஃபென்டனிலை ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகள் சில நிமிடங்களில் உடைத்துவிடும். அதனால் விழிக்கும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, நினைத்த நேரத்தில் நிறுத்தலாம். அளவு கூடினால் நோயாளி மூச்சிழுக்க மறந்துவிடுவார்.

டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து அந்த வம்பு அதிகம் செய்வதில்லை. தரும் உறக்கம், கூப்பிட்டால் கண் திறக்கும் உறக்கம். 60 கிலோவுக்குச் சுமார் 30 மைக்ரோகிராம். தூள் உப்பின் ஒரு துகள் அளவுகூட இராது. அதைப் பத்து நிமிடத்தில் நிதானமாக ஏற்ற வேண்டும். ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியா’ இதழில் 2020இல் வந்த தொகுப்பாய்வு இந்த மருந்துகள் எல்லாமே பலன் தருவதாகக் கண்டு, டெக்ஸ்மெடிடோமிடினை முதலிடத்தில் வைத்தது. ஆனால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். ஏற்கெனவே இதயம் மெதுவாகத் துடிப்பவருக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

எல்லோரிடமும் இருமலை அடக்கவும் கூடாது. வயிறு நிறைந்த நிலையில் அவசரமாக அறுவைக்கு வந்தவருக்கு இருமல்தான் காவல். அவரிடம் அதை அடக்கப் பார்ப்பது வீட்டு நாயின் வாயைக் கட்டுவது போல.

தைராய்டு நோயாளி கண் திறக்கிறார். “வாயைத் திறங்கம்மா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க.” தொண்டையில் தேங்கிய எச்சிலை உறிஞ்சியாயிற்று. சிரிஞ்சால் கஃப் காற்றை இழுத்ததும் டியூப் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. அந்த அம்மாள் எச்சில் விழுங்கி, லேசாக ஒருமுறை செருமுகிறார். மருத்துவர் முகக்கவசத்தைப் பொருத்தி ஆக்சிஜனைத் திறக்கிறார்.