சர்வர் இல்லா மென்பொருளும் அதன் வெளியீடும்

கோவில்பட்டி, பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் உழவர்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன்பே காய்ந்த புழுதியில் சோளத்தையும் பருத்தியையும் விதைத்துவிடுவதுண்டு. விதை சற்று ஆழத்தில் கிடக்கும். சிறு தூறலுக்கு அது விழிப்பதில்லை. மண் நன்றாக நனைந்தால்தான் முளைக்கும். பசுவந்தனையில் பிறந்த எனக்கு, 'சர்வர் இல்லா மென்பொருள்' என்பதை விளக்க நேரும்போதெல்லாம் இப்புழுதி விதைப்பே முதலில் நினைவுக்கு வருகிறது.

பெயர் சற்றே பொருந்தாத பெயர்தான். சர்வர் எங்கோ ஒரு தரவு நிலையத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதனை வாங்குவதும் காப்பதும் நம் வேலையன்று என்பதே இதன் பொருள். நாம் எழுதிய சிறு நிரல்கூறு உறங்கிக் கிடக்கும். மாணவர் ஒருவர் தேர்வு முடிவைக் கேட்டால், அந்தக் கேள்வியே அதனை எழுப்பும். விடை தந்தபின் அது மீண்டும் ஓய்ந்துவிடும். 2014 நவம்பரில் அமேசான் நிறுவனம் 'லாம்டா' என்ற பெயரில் இதனை அறிமுகப்படுத்தியபின் இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று. தமிழ்நாட்டில் வேர்கொண்ட ஜோஹோ நிறுவனமும் 'கேட்டலிஸ்ட்' என்னும் இத்தகைய மேடையொன்றை நடத்தி வருகிறது.

நிரலைத் திருத்தி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அத்திருத்தம் பயன்படுத்துவோரைச் சென்றடைவது எவ்வாறு? ஒரே கூறு என்றால் மடிக்கணினியிலிருந்து கையாலேயே ஏற்றிவிடலாம். ஆனால் இவ்வகை மென்பொருள் ஒன்றில் ஐம்பது கூறுகளும் இருக்கக்கூடும். அவற்றில் ஒன்று விடுபட்டால் என்ன நேரும்?

இதற்குச் சர்வர்களின் காலத்துக் கதையொன்று உண்டு. நைட் கேப்பிட்டல் என்பது அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய பெரிய நிறுவனம். 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாளில் பயன்படவேண்டிய புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியவர் ஏழில் ஏற்றினார், ஒன்று விடுபட்டுப்போயிற்று. சரிபார்க்க இரண்டாம் ஆள் வேண்டும் என்ற விதி அங்கு இல்லை. விடுபட்ட சர்வரில் பல்லாண்டுகளாகப் பயனற்றுக் கிடந்த பழைய நிரற்பகுதி ஒன்று உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வர்த்தகங்களைச் செய்து தீர்த்தது. இழப்பு 46 கோடி டாலருக்கும் அதிகம். இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பதற்றத்தில் அவர்கள், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அதனால் தீங்கு மேலும் பெருகியது. திரும்பிவரும் பாதையை முன்கூட்டி நடந்து பார்க்காதவர்களின் நிலை அது.

ஆகவே இவ்வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்கின்றனர். நிரலெழுதுவோர் தம் திருத்தத்தைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்த உடனே, முன்னரே எழுதிவைத்த கட்டளைப் பட்டியல் ஒன்று தானாக இயங்கத் தொடங்கும். அது நிரலைப் புதிதாகக் கட்டும், சோதனைகளை ஓட்டும், ஒன்று தவறினாலும் அங்கேயே நின்றுவிடும். தேறினால், முதலில் ஒத்திகைச் சூழலிலும் பிறகு மெய்யான சூழலிலும் எல்லாக் கூறுகளையும் ஒருசேர ஏற்றும். ஐம்பதில் ஒன்றை மறக்க அதற்கு மனிதரைப்போல் அயர்வு கிடையாது.

லாம்டாவில் ஏற்றப்படும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண் இடலாம். எண்ணிட்ட பதிப்பு பின்னர் மாறாது. வருகின்ற கேள்விகளை எந்தப் பதிப்புக்கு அனுப்புவது என்பதை ஒரு பெயர்ப்பலகை முடிவுசெய்யும். பலகையைப் புதிய பதிப்பின் பக்கம் திருப்பினால் அது வெளியீடு. பழையதன் பக்கமே திருப்பினால் அது பின்வாங்கல். முழுவதும் திருப்பவேண்டும் என்பதும் இல்லை. நூறு கேள்விகளில் பத்தை மட்டும் ஐந்து நிமிடம் புதியதற்கு அனுப்பி, பிழைகள் மிகுந்தால் தானாகவே பின்வாங்குமாறு அமைத்துவிடலாம்.

கரிசல் மண்ணுக்கு இது புதிய யோசனையன்று. 1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 'கே' என்ற எழுத்தைத் தாங்கிய பருத்தி, சோள இரகங்களை வெளியிட்டிருக்கிறது. புதிய இரகம் எதுவும் நேரே ஊரெங்கும் விதைக்கப்படுவதில்லை. நிலையத்துப் பாத்தியில் தேறி, பிற நிலையங்களில் தேறி, சில உழவர்களின் நிலத்திலும் தேறிய பின்னரே அது வெளியீடு காணும். ஒரு பாத்தி கருகினால் நட்டம் ஒரு பாத்தியோடு போயிற்று.

இந்தப் படிமுறையை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இயந்திர வெளியீடு கைவேலையைவிடக் கொடியது என்பேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு, 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகில் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களிலும் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். அப்புதுப்பிப்பும் சோதனை ஒன்றைத் தாண்டி வந்ததுதான். ஆனால் அச்சோதனையிலேயே குறை இருந்தது. சிறு பகுதிக்கு முதலில் அனுப்பிப் பார்த்திருந்தால் பெரும்பாலான கணினிகள் தப்பியிருக்கும்.

இனிச் சொல்லப்போவது பலரும் மறப்பது. பெயர்ப்பலகையைத் திருப்பினால் நிரல்தான் பழைய நிலைக்கு வரும், தரவு வராது. மதிப்பெண் பட்டியலில் 'பெயர்' என்றிருந்த பத்தியைப் புதிய பதிப்பு இரண்டாகப் பிரித்துவிட்டது என்று கொள்வோம். பின்வாங்கினால், பழைய பதிப்பு 'பெயர்' பத்தியைத் தேடிக் காணாமல் திகைத்து நிற்கும். எனவே அனுபவமுள்ளோர் பழைய பத்தியை அப்படியே விட்டுப் புதியவற்றை அருகில் சேர்ப்பர். இரு பதிப்பும் சில நாள் உடனிருந்து வாழ்ந்தபின், வேறொரு வெளியீட்டில் பழையதை நீக்குவர்.

மாணவ அன்பர்களே, இதனைப் பழகிப் பார்க்கச் சொந்தமாகச் சர்வர் வேண்டியதில்லை. ஒரு கணினியும் இணையமும் போதும். வணக்கம் சொல்லும் சிறு கூறு ஒன்றை எழுதி வெளியிடுங்கள். இரண்டாம் பதிப்பில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து வெளியிட்டு, முதற்பதிப்புக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதனை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவர முயலுங்கள்.