யார் உறை குத்தியது?

இரவு காய்ச்சி மூடிவைத்த பாலுக்குள் மோர்க் கரண்டியை யாரோ கழுவாமல் விட்டுவிட்டார்கள். காலையில் திறந்தால் காப்பிக்குப் பால் இல்லை, தயிர்தான் இருக்கிறது. பாலுக்கும் இரத்தத்துக்கும் ‘உறைதல்’ என்று ஒரே சொல்லை வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். லூபஸ் நோய் மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் விதம் பாதிக்குமேல் இந்தக் கரண்டிக்குள் இருக்கிறது.

லூபஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்புக்கு எதிராகவே ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. நோயாளிகள் 10 பேரில் 9 பேர் பெண்கள். நோய் மூளைக்குப் போய்விட்டது என்றதும், அடிப்பிடித்த சட்டிபோலக் குழாய்ச் சுவர் அழற்சியில் வெந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கும், ஆனால் அபூர்வம். இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது அதிகம் தென்பட்டவை வேறு. பிசுக்கேறிய தொட்டிக் குழாய்போல உட்புறம் தடித்துக் குறுகிய நுண்குழாய்கள், ஆங்காங்கே சின்னச் சின்ன இரத்தக் கட்டிகள்.

கட்டிகளுக்குப் பல நேரம் காரணம் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள். இவைதான் கழுவாத கரண்டி. லூபஸ் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இவை உண்டு. குழாயின் உட்பூச்சையும் தட்டணுக்களையும் சீண்டி, ஓட வேண்டிய இரத்தத்தை உறையவைக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இவற்றில் ஒன்றின் பெயர் ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’, அதாவது உறையவிடாதது! உறைவதற்கு வேண்டிய பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பை இது பிடித்துவைத்துக்கொள்வதால், சோதனைக் குழாயில் இரத்தம் தாமதமாக உறைகிறது. உடம்புக்குள் நேர்மாறு. பேர் வைத்தவர் கிண்ணத்தைப் பார்த்தார், பானையைப் பார்க்கவில்லை.

இதயத்திலிருந்தும் வில்லங்கம் வரலாம். லூபஸில் இதய வால்வுகளில் மருபோன்ற வளர்ச்சிகள் தோன்றுவதுண்டு. 1924இல் லிப்மன், சாக்ஸ் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தவை. பாத்திர விளிம்பில் காய்ந்த ஆடை உதிர்ந்து வடிகட்டியை அடைக்குமே, அதுபோல இவற்றிலிருந்து பிய்ந்த துணுக்கு மூளைக் குழாயில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே மருத்துவர் முதலில் பிரித்தறிய வேண்டியது, அழற்சித் தீயா, உறையா என்பதைத்தான். தீ என்றால் ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு. உறை என்றால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின். சிலருக்கு இரண்டுமே தேவைப்படும். ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி ஒரு தடவை தென்பட்டால் மட்டும் போதாது. 12 வாரம் கழித்து மறுபடியும் சோதித்துத்தான் உறுதிசெய்வார்கள்.

லூபஸ் உள்ளவருக்குத் திடீரென்று வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ ‘வழக்கமான அசதிதான்’ என்று படுக்கவைக்காதீர்கள். மூளைக் குழாய் அடைபட்டிருக்கலாம்; இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால், அதை மருத்துவமனை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.