உங்களுக்குத் தெரியுமா? வாசல் சருகும் வீட்டுத் தோட்டமும்

● மாசி, பங்குனியில் திருப்பூர் வீதிகளில் வேம்பும் புங்கனும் இலை கொட்டுகின்றன. 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ திட்டத்தால் மரங்கள் பெருகின, சருகும் பெருகியது. கூட்டிக் குவித்துத் தீ வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டுவிட்டது.

● மரம் இலையை உதிர்க்கும் முன் அதிலிருக்கும் தழைச்சத்தில் கணிசமான பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மிஞ்சும் சருகில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. அதனால்தான் சருகை மட்டும் குவித்துவைத்தால் மக்குவதற்கு ஓராண்டுகூட ஆகும். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை காய்கறிக் கழிவு என்று மாற்றி மாற்றி அடுக்கி, சாணிக் கரைசல் தெளித்து, அவ்வப்போது கிளறினால் சில மாதங்களில் உரம் தயார். மக்கும் குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது.

● உலகம் முழுக்கப் பின்பற்றப்பட்ட ‘இந்தூர் முறை’ மக்கு உரம் பிறந்ததே ஒரு பருத்தி ஆய்வுப் பண்ணையில்தான்! 1924 முதல் இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாத் என்பவருடன் சேர்ந்து இதை உருவாக்கி, 1931-இல் நூலாக வெளியிட்டார். எளிதில் மக்காத பருத்திமாரைப் பண்ணைப் பாதையில் பரப்பிவிடுவார்கள். மாட்டுவண்டிகள் ஏறி இறங்கி அதை நொறுக்கிவிடும். தேக்கு, மா போன்ற தடித்த இலைகளை நாமும் மிதித்தோ நொறுக்கியோ போட்டால் சீக்கிரம் மக்கும்.

● சருகை மக்கவைக்காமல் அப்படியே மண்ணின் மேல் பரப்புவது மூடாக்கு. திருப்பூருக்கு அது மற்ற ஊர்களைவிட ஒரு படி அதிகம் தேவை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். பல ஆண்டுகள் சுத்திகரிக்காமல் விட்ட சாயக்கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் உப்பாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. இன்றும் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், மண்ணின் ஈரம் ஆவியாகும்போது உப்பு மட்டும் மேலே தங்கி வெள்ளையாகப் பூக்கிறது. செடியின் வேர் தண்ணீர் இருந்தும் அதை உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது. நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகு பரப்பினால் வெயில் மண்ணில் நேராகப் படாது. ஆவியாவது குறையும், உப்பு மேலேறுவதும் குறையும். ஆடிக்காற்றில் பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். செடியின் தண்டை ஒட்டிச் சருகு வேண்டாம், அழுகல் வரும்.

● சுத்தமான பருத்தித் துணி மக்கும். லைக்ரா, பாலியஸ்டர் கலந்த கட்டிங் வேஸ்ட் மக்காது. அதை உரக்குழியில் போடாதீர்கள்.

● மலிவாகக் கிடைக்கிறதே என்று உரம் தயாரிக்க, ரசாயனம் வந்த பழைய நீல டிரம்மை வாங்க வேண்டாம். உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான்கு குச்சி நட்டுக் கோழிவலையைச் சுற்றினால் போதும், காற்றோட்டமும் நன்றாக இருக்கும்.

● சொந்த வாசலில் மரம் இல்லையா? அடுத்த வீட்டுக்காரர் தீக்குச்சி உரசும் முன் ஒரு சாக்கோடு போய்க் கேளுங்கள். மறுக்காமல் கொடுப்பார்.